நேர் ரோட்டில் நல்லமுத்து

மலையுச்சியில் தமிழ்நாடு-கேரள எல்லைச் செக்போஸ்ட் இருக்கும் கம்பம்மெட்டில், ஜீப் டிரைவர் நல்லமுத்துவுக்கு நேர் ரோடு என்றால் பயம். ஐம்பது வயது கடந்த பிறகுதான் அது அவருக்கே தெரியவந்தது. அதுவரை அவர் நேர் ரோட்டைப் பார்த்ததே இல்லை. மலைக்குக் கீழே கம்பம் ஊருக்குள் சில தெருக்கள் நேராகத்தான் போகின்றன. ஆனால் மாடும் ஆட்டோவும் தள்ளுவண்டியும் குறுக்கே வரும் தெருவில் யார்தான் நேராகப் போக முடியும்?

தினமும் விடிவதற்கு முன்பே மலையிறங்குவார். கம்பத்தில் ஏலக்காய் எடுக்க வரும் பெண்களை ஜீப் நிறைய ஏற்றிக்கொண்டு மேலே வருவார். சாயங்காலம் அவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விடுவார். இளவட்டமாக இருந்த காலத்திலிருந்து இதுதான் வேலை. அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே பஸ் வருவது, ஹார்ன் சத்தம் கேட்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு வளைவுக்கும் பெயர் வைத்திருந்தார். அங்கே முதலில் வாந்தி எடுத்தவர் யாரோ, அவர் பெயரே வளைவுக்கும். வாத்தியார் வளைவு, சம்பந்தி வளைவு, கண்டக்டர் வளைவு. ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர் பெயரிலும் ஒரு வளைவு இருந்தது. அவர் கேட்டுக்கொண்டதால் அதை மட்டும் வெளியில் சொல்வதில்லை.

மேற்கே கட்டப்பனையைத் தாண்டி அவர் ஒரே ஒருமுறைதான் போயிருக்கிறார். குடலிறக்க ஆபரேஷனுக்காகக் கோட்டயத்துக்கு ஆம்புலன்சில் படுத்தபடியே போய், படுத்தபடியே வந்தார். கோட்டயம் எப்படி இருக்கிறது என்று ஸ்டாண்டில் கேட்டவர்களிடம், "வெள்ளையா இருக்கு, நடுவுல ஒரு லைட்டு" என்றார்.

அப்படிப்பட்ட மனிதர் கடலோரம் போகும்படி ஆனதற்கு ஒரு கிளட்ச்தான் காரணம்.

பாலக்காட்டுக் கல்பாத்தியிலிருந்து ஹரிஷங்கரும் அவர் மனைவி சுஷ்மாவும் காரில் ஊர் சுற்ற வந்திருந்தார்கள். ஹரிஷங்கருக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. சுஷ்மா பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். கழுத்தில் எப்போதும் பைனாகுலர் தொங்கும். கம்பத்திலிருந்து மலையேறும்போது ஹரிஷங்கர் பயத்தில் கிளட்ச்சிலிருந்து காலை எடுக்கவே இல்லை. மெட்டுக்கு வந்து சேர்ந்தபோது காரிலிருந்து புகை வந்தது. ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ரிஜோ பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான்.

"கிளட்ச் முழுசா கரிஞ்சு போயி சாரே. பாகம் கோட்டயத்திலேந்து வரணும். ரெண்டு மூணு நாள் ஆகும்."

"ஐயோ, நாளைக்கு நாங்க ஆலப்புழை போயி, அங்கேந்து கடலோரமாவே எறணாகுளம் போறதாக்கும் பிளான். நாளன்னிக்கு ஆபீஸ் போயாகணும்" என்றார் ஹரிஷங்கர்.

"அந்த ரோட்டுக்காகத்தானே நான் லீவே போட்டேன்!" என்றாள் சுஷ்மா. "மீன் பிடிக்கற ஊர் எல்லாம் ஒண்ணொண்ணா பாத்துண்டு போலாம், அந்தகாரனழியில ஆலாப் பறவைக் கூட்டம் வந்து எறங்கும்னு எத்தனை மாசமா சொல்லிண்டிருக்கேன்."

காரை ரிஜோவிடம் விட்டுவிட்டு டாக்சியில் எறணாகுளம் போய் ரயிலேறலாம் என்றால், டாக்சிகள் எல்லாம் நெடுங்கண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தன. ரிஜோ சுற்றுமுற்றும் பார்த்தான். எதிரே டீக்கடையில் நல்லமுத்து பருப்புவடை தின்றுகொண்டிருந்தார்.

"அந்த அண்ணன் போவார். மலையில அவர மாதிரி ஓட்ட ஆளில்ல" என்றான் ரிஜோ. அவன் சொன்னது உண்மைதான். ஆலப்புழையில் மலை கிடையாது என்பது மட்டும் அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

நல்லமுத்து ஒப்புக்கொண்டுவிட்டு வீட்டுக்குப் போய் அழகுத்தாயிடம் சொன்னார். ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் வேலை அவளுக்கு. அந்த வேலைப் பழக்கம் வீட்டிலும் உண்டு. எது வந்தாலும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பாள்.

"நானும் வாரேன்" என்றாள்.

"நீ எதுக்கு புள்ள? சவாரிக்குப் போறேன்."

"நீங்க தனியா போனா எதையாச்சும் வுட்டுட்டு வாரீக. போன தடவ கோட்டயத்துல கொடல்ல பாதிய வுட்டுட்டு வந்தீக."

அது அப்படியில்லை, குடலை உள்ளே தள்ளித் தைத்துத்தான் அனுப்பினார்கள் என்று அவர் பல வருஷங்களாக விளக்கிக்கொண்டிருந்தார். அவள் நம்பத் தயாராக இல்லை.

மறுநாள் கருக்கலிலேயே கிளம்பினார்கள். முன்னால் ஹரிஷங்கர், பின்னால் சுஷ்மாவும் அழகுத்தாயும். ஏலப்பாறை, குட்டிக்கானம் தாண்டி முண்டக்கயம் இறங்கும்வரை நல்லமுத்துவைப் பார்க்கக் கண்கோடி வேண்டும். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கியரில், வாயில் பேச்சு. லாரியும் சுவரும் உரசிக்கொள்ளும் இடத்தில் ஜீப்பைத் துணிபோல உருவி எடுத்தார். ஹரிஷங்கர் கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்குள் சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டு வந்தார். பாதியில் மறந்துபோனால் மறுபடி முதலிலிருந்து.

"சார் ஒறங்குறாக" என்றார் நல்லமுத்து பெருமையாக. "நம்ம வண்டியில ஏறுனா தொட்டில் மாதிரிதேன்."

முண்டக்கயத்துக்குக் கீழே மலை மெல்ல விட்டுப்போனது. காஞ்சிரப்பள்ளி தாண்டியதும் நல்லமுத்துவின் பேச்சு குறைந்தது. சங்கனாச்சேரியில் அடியோடு நின்றது. அங்கிருந்து ஆலப்புழைக்கு வயல்களுக்கு நடுவே, கால்வாயை ஒட்டி, கோடு போட்டதுபோல ஒரு ரோடு. எதிரே அடிவானம்வரை தெரிந்தது. நல்லமுத்து இரண்டாவது கியருக்கு வந்து ஹார்ன் அடித்தார். கொஞ்ச தூரம் போய் மறுபடி அடித்தார்.

"யாரும் இல்லையே, ஏன் ஹார்ன் அடிக்கறேள்?" என்றார் ஹரிஷங்கர்.

"வளவு வரும்ல சார்."

"வளைவே கிடையாது. பாருங்கோ, நேராவே தெரியறதே!"

"அதான் சார் பயமாருக்கு. இம்புட்டு நேரமா வரலைன்னா, வரும்போது மொத்தமா வந்துரும்."

பின்னால் வாகனங்கள் வரிசையாகச் சேர்ந்துவிட்டன. ஒரு கேஎஸ்ஆர்டிசி பஸ் விலகிப் போகும்போது டிரைவர் தலையை நீட்டி மலையாளத்தில் நீளமாக ஏதோ சொன்னார். அர்த்தம் புரிந்த இருவர் புரியாததுபோல இருந்தார்கள். அந்த வேக மலையாளம் புரியாத இருவருக்கும் தொனியே போதுமானதாக இருந்தது.

அதற்குள் பின் சீட்டில் வேறு விபரீதம். கொண்டை ஊசி வளைவுகளில் உட்கார்ந்தே தூங்கிப் பழகிய அழகுத்தாய்க்குத் தலை சுற்றியது.

"யாத்தீ, வண்டி ஆடவே மாட்டேங்குது. வயித்தப் பொரட்டுது" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மலையில் மற்றவர்களுக்குக் கொடுப்பதற்காக அவளே எடுத்துவந்திருந்த எலுமிச்சம்பழத்தை சுஷ்மா அவள் மூக்கில் வைத்தாள்.

"கொஞ்சம் ஸ்பீடா போனா காத்தாவது வரும். நாலாவது கியர் போடுங்கோளேன்" என்றார் ஹரிஷங்கர்.

நல்லமுத்துவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வண்டிக்கு நாலாவது கியர் உண்டென்று அவருக்குத் தெரியும். மாமனார் வீட்டுச் சீர்ப் பாத்திரம்போல அதைப் புதுசாகவே வைத்திருந்தார். இரண்டுமுறை தள்ளிப் பார்த்தார். விழவில்லை. மூன்றாம்முறை ஹரிஷங்கரும் கை கொடுத்தார். உள்ளே ஏதோ பெரிதாகக் கனைத்துக்கொண்டு கியர் விழுந்தது. ஜீப் சட்டென்று சத்தம் குறைந்து வழுக்கிக்கொண்டு போக, சுஷ்மா கை தட்டினாள்.

"வண்டி ஆஃப் ஆயிருச்சா?" என்றார் நல்லமுத்து, நிஜமான பதற்றத்தில்.

ஆலப்புழையில் சாப்பிட்டுவிட்டு வடக்கே கடலோர ரோட்டைப் பிடித்தார்கள். அது ஒடுங்கிய ரோடு. அங்கங்கே நெளிந்ததால் நல்லமுத்துவுக்கு உயிர் வந்தது. ஒருபக்கம் தென்னைகளுக்கு அடியில் படகுகள் குப்புறப் படுத்துக் கிடந்தன. மறுபக்கம் வீடுகள். வீட்டு வாசல்தோறும் நீல வலை காய்ந்தது, ஒவ்வொரு வலைக்கும் ஒரு பூனை காவல் இருந்தது. மத்தியானத் தூக்கத்தில் இருந்த ஊர்கள். சர்ச் வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒருவர் வலைக்கண் பின்னிக்கொண்டிருந்தார். ஜீப்பைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான். இறால் வளர்க்கும் குட்டைகளில் கொக்குகள் நின்றன. சுஷ்மா ஜீப்பை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் பார்த்து, ஏறி, அடுத்த குட்டையில் மறுபடி நிறுத்தச் சொன்னாள். அழகுத்தாய்க்கும் தலைசுற்றல் போய், பைனாகுலரை வாங்கித் தலைகீழாகப் பிடித்து, "கொக்கு எம்புட்டுச் சின்னதா இருக்கு!" என்று வியந்தாள்.

அர்த்துங்கல் அருகே தென்னை விலகியதும் கடல் தெரிந்தது. நல்லமுத்துவும் அழகுத்தாயும் வாழ்க்கையில் முதல்முறை பார்க்கிறார்கள் என்பதால், ஹரிஷங்கர் மரியாதையாக ஜீப்பை ஓரம் கட்டச் சொன்னார்.

நல்லமுத்து வெகுநேரம் பார்த்தார். "இந்தப் பக்கம் கேரளா. அந்தப் பக்கம் செக்போஸ்ட் எங்க சார்?"

அழகுத்தாய் புரட்டிப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நம்ம மெட்டுல நின்னு காலையில பாத்தா, கம்பம் பள்ளத்துல மேகம் இப்பிடித்தேன் ரொம்பிக் கெடக்கும். இங்க சத்தம் போடுது. அம்புட்டுத்தேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அதற்குப் பிறகு அவள் கண் கடலை விட்டு நகரவில்லை.

அந்தகாரனழிக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. காயல் கடலில் சேரும் அழிமுகத்தின் மணல்திட்டில், சுஷ்மா எதிர்பார்த்தபடியே, ஆலாக்கள் வெள்ளையாக அமர்ந்திருந்தன. கொஞ்சம் தள்ளி மீனவர்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நடந்து போயிடலாம்" என்றார் ஹரிஷங்கர்.

நல்லமுத்துவுக்குக் காலையிலிருந்தே மனசு ஆறவில்லை. நாலாவது கியருக்குக் கை தட்டியது உள்ளே குத்திக்கொண்டிருந்தது. "எதுக்கு நடக்கணும்? இது ஃபோர் வீல் வண்டி சார். மழையில களிமண்ணு ஏத்தத்துல, ஆளு நிக்க முடியாத எடத்துல ஏறுன வண்டி. இந்தப் பொடிமண்ணு என்ன செய்யும்?"

பொடிமண் ஒன்றும் செய்யவில்லை. நாலு சக்கரத்தையும் மெதுவாக உள்ளே வாங்கிக்கொண்டது.

நல்லமுத்து ஆக்சிலேட்டரை மிதித்தார். ஜீப் முன்னால் போவதற்குப் பதில் கீழே போனது. ஆலாக்கள் மொத்தமாக எழும்பிப் பறந்துவிட்டன. அழகுத்தாய் பழக்கதோஷத்தில் குதித்து இறங்கி, வண்டி பின்னால் உருளாமலிருக்கச் சக்கரத்துக்குக் கல் வைத்தாள். தட்டையான மணலில் வண்டி எங்கே உருளப்போகிறது? கல்லும் உள்ளே போனது. ஓர் அலை வந்து பின் டயரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பியது.

"தண்ணி ஏறிண்டிருக்கு. இது கடல் ஏறற நேரம்" என்றாள் சுஷ்மா மெல்ல.

மலையில் எத்தனையோ பேரின் வண்டியை நல்லமுத்து கட்டி இழுத்திருக்கிறார். அவர் வண்டியை யாரும் இழுத்ததில்லை. அவர் கீழே இறங்கி, பானெட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். காய்ச்சல் வந்த மாட்டின் பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது.

வலை இழுப்பவர்களின் தலைவர் செலஸ்டின், பருத்த தேகமும் நரைத்த மார்பு முடியுமாக இருந்தார். சுஷ்மா ஓடிப்போய் மலையாளத்தில் கெஞ்சினாள். கயிற்றை விடாமலே அவர் ஜீப்பைப் பார்த்தார். "வல கேறட்டே, பின்னே நோக்காம்" என்றார்.

"வலை கரையேறினப்பறம்தான் பாக்கலாம்கறார். இப்போ விட்டா மீன் போயிடுமாம். சீக்கிரம் வேணும்னா நாமளும் வந்து இழுக்கணுமாம்" என்று சுஷ்மா மொழிபெயர்த்தாள்.

இப்படியாக நாலு பேரும் கயிற்றைப் பிடித்தார்கள். ஹரிஷங்கர் பேன்டை முழங்காலுக்குமேல் மடித்துவிட்டுக்கொண்டார். பிறந்ததிலிருந்து மீன் பக்கமே போகாத மனிதர், மீன் நிறைந்த வலையை மூச்சுப்பிடித்து இழுத்தார். மீனவர்கள் பாடும் பாட்டுக்கு ஏற்ப இழுக்க வேண்டும் என்பது அவருக்குப் புரியவில்லை. எல்லாரும் இழுக்கும்போது மூச்சு விட்டார், மூச்சு விடும்போது இழுத்தார். நல்லமுத்துவால் சும்மா இழுக்க முடியவில்லை. "லெஃப்டு ஒடி, லெஃப்டு ஒடி! ரைட்ல எடமிருக்கு, வரட்டும் வரட்டும்!" என்று வலைக்கு வழி சொல்லிக்கொண்டே இருந்தார். மீனவர்கள் முதலில் முறைத்தார்கள். பிறகு ஒருவன் சிரித்தான். அப்புறம் பாட்டிலேயே "வரட்டும் வரட்டும்" சேர்ந்துவிட்டது.

வலை கரையேறியது. மத்தி மீன் வெள்ளிக்காசாகத் துள்ளியது. நடுவே ஒற்றைச் செருப்பு ஒன்றும் வந்திருந்தது.

செலஸ்டின் சொன்னபடி செய்தார். வலைக்கயிறு ஜீப்பின் கொக்கியில் மாட்டப்பட்டது. அதற்குள் அலை டயரில் பாதிவரை வந்துபோனது. நல்லமுத்து ஏறி எஞ்சினைப் போட்டு, பதற்றத்தில் மிதிமிதியென்று மிதித்தார். மணல் பின்னால் இருந்தவர்களின் முகத்தில் அடித்தது. வண்டி இன்னும் ஒரு சாண் இறங்கியது. செலஸ்டின் வாயைத் துடைத்துக்கொண்டு அவரைக் கீழே இறங்கச் சொன்னார். எஞ்சினே வேண்டாம், நியூட்ரலில் போட்டு யாராவது ஸ்டியரிங்கை மட்டும் நேராகப் பிடித்தால் போதும்.

"நான் எறங்க மாட்டேன்" என்றார் நல்லமுத்து.

"எறங்குங்கன்னா எறங்குங்க!" என்று அழகுத்தாய் கதவைப் பிடித்து உலுக்கினாள். "ஒங்க காலு சும்மா இருக்காது. நான் புடிக்கிறேன். நேராத்தான புடிக்கணும்?"

முப்பது வருஷத்தில் முதல்முறையாக நல்லமுத்து தன் ஜீப்பின் ஓட்டுநர் இருக்கையை இன்னொருவருக்குக் கொடுத்தார். அழகுத்தாய் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பற்றிக்கொண்டாள்.

ஜீப்பின் முன்கண்ணாடியில் தமிழிலும் மலையாளத்திலும் 'அழகுத்தாய் துணை' என்று எழுதியிருக்கும். செலஸ்டின் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, பக்தியாக நெற்றியைத் தொட்டுக்கொண்டார். இது எந்த ஊர் அம்மன் என்று கேட்டார்.

ஹரிஷங்கர் மூச்சு வாங்கிக்கொண்டே கையைக் காட்டினார். "உள்ளே உக்காந்துண்டிருக்காளே, அவாதான்."

கரை முழுக்கச் சிரித்தது. கிடைத்ததடா ஒரு பாட்டு என்று ஒருவன், "அழகுத்தாயே ஏலேலோ" என்று எடுத்துக்கொடுத்தான். அத்தனை பேரும் திருப்பிப் பாடிக்கொண்டு இழுத்தார்கள். நல்லமுத்துவும் பாடினார், அவர் குரல்தான் எல்லாரையும்விடப் பெரிதாகக் கேட்டது. ஜீப் அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. பிறகு தரையிலிருந்து பிடுங்கிய மரவள்ளிக்கிழங்குபோல ஒரேயடியாக வெளியே வந்து கெட்டி மண்ணில் ஏறியது. அழகுத்தாய் ஸ்டியரிங்கை விடவில்லை. "போதும் நிறுத்து" என்று சொன்ன பிறகும், வண்டி நின்ற பிறகும், கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

வலை இழுத்த எல்லாருக்கும் பங்கு உண்டு என்பது கரையின் வழக்கம். நாலு பேருக்கு நாலு பங்கு. செலஸ்டின் தேக்கிலையில் மத்தியைக் குவித்து ஹரிஷங்கரின் கையில் வைத்தார். வேண்டாம் என்றால் மனசு நோகும். ஹரிஷங்கர், அடுத்த வீட்டுக் குழந்தையை முதன்முதலாகத் தூக்குகிறவர்போல இரண்டு கையையும் முழுசாக நீட்டி வாங்கினார். "ரொம்ப சந்தோஷம்" என்றார். மூச்சை விடாமலே சொன்னார். கண்ணாலேயே அழகுத்தாயைத் தேடினார்.

செல்லானம் வழியாக எறணாகுளம் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் பிடிக்க நினைத்த ரயில் போயிருந்தது. அடுத்த ரயிலில் ஏறினார்கள். கழுவியும் வாடை போகவில்லை. ஸ்டேஷன் நாய் ஒன்று டிக்கெட் கவுன்டரிலிருந்து பெட்டிவரை ஹரிஷங்கரை விட்டுப் பிரியவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாளும், தெருவில் இருக்கிற பூனையெல்லாம் வாசலில் நிற்பதாகவும், ஆத்தில் அம்மா சந்தேகமாகப் பார்ப்பதாகவும் அவர் நல்லமுத்துவிடம் போனில் சொன்னார். சுஷ்மா பின்னாலிருந்து சிரிப்பது கேட்டது.

திரும்பி மலையேறும்போது அழகுத்தாய், நல்லமுத்து கியர் மாற்றும் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். குட்டிக்கானத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது சொன்னாள்: "எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுங்க."

நல்லமுத்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் டீயைக் கீழே வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட மைதானத்தில் பாடம் நடந்தது. சுற்றி நின்று பார்க்க ஊரே வந்தது. நல்லமுத்து கத்தினார், தலையில் கை வைத்துக்கொண்டார், ஒருமுறை ஓடும் ஜீப்பிலிருந்து இறங்கியே போய்விட்டார். அவள் தனியாக ஒரு சுற்று போய்வந்து அவரை ஏற்றிக்கொண்டாள். முதல் டெஸ்டில் தோற்றுப்போனாள்; ஆர்டிஓ ஆபீஸ் இன்ஸ்பெக்டர் ஹார்ன் அடிக்கச் சொன்னபோது, "எதுக்கு சார்? எதுத்தாப்ல யாருமில்லையே" என்று எதிர்த்துக் கேட்டுவிட்டாள். இரண்டாவது முறை லைசென்ஸ் வந்தது.

இப்போது அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. மலை நல்லமுத்துவுக்கு, சமதளம் அழகுத்தாய்க்கு. ஸ்டோரில் வேலை செய்யும் பெண்களைக் கூட்டிக்கொண்டு அவ்வப்போது கடற்கரைக்குப் போகிறார்கள். முண்டக்கயத்தில் ஜீப் நிற்கும். இருவரும் இடம் மாறி உட்காருவார்கள். வயல்களுக்கு நடுவே அவள் பஸ்ஸை முந்தும்போது, நல்லமுத்து பக்கத்துச் சீட்டில் கண்ணை மூடிக்கொள்கிறார். கேட்டால் தூங்குகிறேன் என்பார்.

சென்ற கிறிஸ்துமஸ் கழிந்து செலஸ்டின் குடும்பத்தோடு மலை பார்க்க வந்தார். நல்லமுத்துவே போய்க் குட்டிக்கானத்திலிருந்து ராத்திரியில் தூங்கத் தூங்கக் கூட்டிவந்து, மறுநாள் அழகுத்தாயோடு கம்பம் காட்ட இறக்கத்தில் அழைத்துப் போனார். மழைக்காலத்திலும் படகு இறக்கும் அந்த மனிதர் மூன்றாவது வளைவில் வாயைப் பொத்தினார். நாலாவதில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, ரோட்டோரச் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குழந்தைகள் கைகொட்டிச் சிரித்தன. நல்லமுத்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டிவிட்டு, அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

இனி நடந்தே வருகிறேன் என்றார் செலஸ்டின். கம்பம்வரை கீழே நடப்பதா, மெட்டுவரை மேலே நடப்பதா என்று அழகுத்தாய் கேட்டாள். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஏறி உட்கார்ந்துகொண்டார்.